நரம்பு வலியை அளக்கக் கற்றுக்கொண்ட கதை

நரம்பு வலி ஆராய்ச்சியில் சேர வேண்டும் என்று மருத்துவம் முடித்த பிள்ளைகள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். எந்த ஆய்வுக்கூடம் நல்லது, எந்த மூலக்கூறைப் பிடித்தால் எதிர்காலம் இருக்கும், எலியில் தொடங்கலாமா நோயாளிகளிடம் தொடங்கலாமா என்று கேள்விகள் வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதை அளக்கப் போகிறீர்கள்? இந்தத் துறையில் நான் பார்த்த பெரிய ஏமாற்றங்கள் பலவும் மருந்தில் ஆரம்பித்தவை அல்ல, அளவீட்டில் ஆரம்பித்தவை. அதனால்தான் என் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கும் உதவும், கால் எரிச்சலோடு தூக்கமில்லாமல் இருப்பவர்களுக்கும் உதவும்.

எனக்கு வலி மேல் ஆர்வம் வந்ததே வலி தெரியாதவர்களைப் பார்த்துத்தான். பயிற்சி மருத்துவராக இருந்தபோது வேலூர்ப் பக்கம் தொழுநோய்ப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தேன். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் செய்த வேலையைப் பற்றி அங்கே கேட்காமல் இருக்க முடியாது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் உராய்விலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன என்று எடுத்துக்காட்டியவர் அவர். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடுகிற எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயம். தொழுநோய்க்கு முழுச் சிகிச்சையும் முடித்த சிலர், தொட்டால் தெரியாத அதே பாதம் ராத்திரியில் திகுதிகுவென்று எரிகிறது என்றார்கள். குண்டூசியால் குத்தினால் தெரியவில்லை, ஆனால் எரிகிறது. முதலில் எனக்கு இது பிடிபடவே இல்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அறுந்தோ நசுங்கியோ போன நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது என்பது பாதி உண்மைதான். மிச்சமிருக்கும் இழைகள் வெளியே ஒன்றும் நடக்காமலேயே மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். அதைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கும் தண்டுவட நரம்பணுக்களும் மெல்ல மெல்லக் கூர்மையாகிவிடும். அப்புறம் சாதாரணத் தொடுதல்கூட வலியாக மூளைக்குப் போகும். காயத்துக்குப் பிறகு தண்டுவடமே இப்படி மாறுகிறது என்று 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். அதற்கு முன்னால், 1965இல், ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, வலிச் செய்தி அங்கே கூடவோ குறையவோ செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டையும் படித்த பிறகு வேறு துறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

முனைவர் பட்டத்துக்கு லண்டன் போனேன். அங்கே கற்றுக்கொண்ட முதல் வேலை எலியின் பாதத்தைத் தொடுவது. 1988இல் கேரி பென்னட்டும் சியேயும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். எலியின் தொடையில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைச் சுற்றி, குரோமிக் கேட்கட் என்ற தையல் நூலால் நான்கு தளர்வான முடிச்சுகள் போடுவார்கள். நரம்பு வீங்கி, முடிச்சுக்குள் நெரிபடும். சில நாட்களில் எலி அந்தக் காலைத் தூக்கியே வைத்திருக்கும், நக்கும், தரையில் ஊன்றத் தயங்கும். மனிதரின் நரம்பு வலிக்கு ஓரளவு பொருந்தும் மாதிரி அப்படித்தான் கிடைத்தது.

வலியை எப்படி அளப்பது? மேக்சிமிலியன் வான் ஃப்ரே 1890களில் குதிரைமுடியை வைத்துத் தோலின் உணர்ச்சியைச் சோதித்தார். அதே யோசனைதான், இப்போது நைலான் இழை. கம்பிவலைத் தளத்தின் மேல் சின்னப் பெட்டியில் எலியை விட வேண்டும். முதலில் சுற்றிச் சுற்றி முகரும், எழுந்து நின்று மூடியைத் தள்ளிப் பார்க்கும், முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். அது அடங்கி உட்காரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பிறகு வலைக்குக் கீழிருந்து இழையைப் பாதத்தின் நடுவில் செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை அழுத்தி, சில நொடிகள் பிடிக்க வேண்டும். காலை இழுத்துக்கொண்டால் அடுத்தது மெல்லிய இழை, இழுக்காவிட்டால் தடித்த இழை. சாதாரண எலி, 15 கிராம் அழுத்தத்தில் வளையும் இழைக்கும் அசையாமல் இருக்கும். நரம்பு நெரிபட்ட எலி 4 கிராமுக்கும் கீழேயே காலை உதறும். நடப்பதற்காகக் காலைத் தூக்குவதும் வலியால் இழுப்பதும் புதியவர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். உதறிவிட்டு, பாதத்தைத் திருப்பிப் பார்த்து நக்கினால் அது வேறு.

இந்த வேலையைக் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது, எந்த எலிக்கு மருந்து போயிருக்கிறது என்று சோதிப்பவருக்குத் தெரியவே கூடாது. குறியீட்டை வேறொருவர் வைத்திருக்கட்டும், ஆய்வு முடிந்த பிறகு பிரிக்கட்டும். தெரிந்துவிட்டால் உங்கள் நேர்மை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கை கொஞ்சம் மெதுவாகத்தான் அழுத்தும். எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பதும் சீட்டுப் போட்ட மாதிரி இருக்க வேண்டும். கூண்டில் முதலில் கையில் வருகிற எலி சாதுவான எலி. அவற்றையெல்லாம் ஒரே குழுவில் போட்டால் ஆய்வு தொடங்கும் முன்பே சாய்ந்துவிடும்.

சோதிப்பவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையையே உலுக்கியது. அறையில் ஆண் ஒருவர் இருந்தாலே, ஏன், ஆண் போட்டிருந்த டி-ஷர்ட் இருந்தாலே எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. ஆண் வாசனை அவற்றுக்கு மனஅழுத்தம், அந்த அழுத்தம் வலியை அமுக்கிவிடுகிறது. காலையில் ஒரு பெண்ணும் மாலையில் ஒரு ஆணும் அளந்த எண்களை ஒரே வரைபடத்தில் போட்டவர்கள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு என் குழுவில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அளந்தவரின் பெயர் இருக்கும். அடுத்த ஆண்டே அதே குழுவிலிருந்து இன்னொன்று வந்தது. தண்டுவடத்தில் இருக்கும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்புச் செல்கள்தான் நரம்பு வலியைத் தூண்டுகின்றன என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அவற்றை அடக்கினால் ஆண் சுண்டெலிகளுக்கு வலி குறைந்தது, பெண் சுண்டெலிகளுக்குக் குறையவில்லை. நாள்பட்ட வலியால் அதிகம் துன்பப்படுவது பெண்கள், ஆய்வகங்களில் பெரும்பாலும் சோதிக்கப்பட்டது ஆண் விலங்குகள். இதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்று அப்படியே நிற்கும். இழை பட்டதும் எலி காலை இழுப்பது, தொட்டால் வரும் வலி. நோயாளிகள் முக்கியமாக முறையிடுவது யாரும் தொடாதபோது வரும் வலியை. நான் லண்டனில் இருந்த காலத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது 'சப்ஸ்டன்ஸ் பி' மருந்துகளின் தோல்வியைத்தான். வலி நரம்புகள் வெளியிடும் அந்தப் பொருளின் ஏற்பியை, அதாவது அதை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதத்தை, அடைத்தால் விலங்குகளில் வலி குறைந்தது. நிறுவனங்கள் பெரும் பணத்தை இறக்கின. மனிதரிடம் கொடுத்துப் பார்த்தால் வலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த வகை மருந்தான அப்ரிபிட்டன்ட் 2003இல் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்க அனுமதி பெற்றது. அதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. வலிக்கென்று அதை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தொடாமலே இருக்கும் வலியை விலங்கிடம் எப்படிக் கேட்பது? 2009இல் அரிசோனாவில் ஃபிராங்க் பொரேக்காவின் குழு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. எலிக்கு வலியைக் குறைக்கும் மருந்தை ஒரு அறையில் வைத்துக் கொடுத்தார்கள், வெறும் திரவத்தை இன்னொரு அறையில் கொடுத்தார்கள். பிறகு எலியைச் சுதந்திரமாக விட்டால், நரம்பு காயப்பட்ட எலி மருந்து கிடைத்த அறையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. காயமில்லாத எலிக்கு இரண்டு அறையும் ஒன்றுதான். யாரும் பாதத்தைத் தொடவில்லை. தானாக இருக்கும் வலி நின்றதுதான் எலிக்கு வெகுமதி. இந்தக் கட்டுரையைப் படித்த வாரத்திலேயே எங்கள் கூடத்தில் இரட்டை அறைப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டேன். இது நேரம் பிடிக்கும் வேலை, வான் ஃப்ரே மாதிரி ஒரு மதியத்தில் முடியாது. அதற்காக விட்டுவிடாதீர்கள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு என் வேலையின் பாதி நோயாளிகளிடம் நகர்ந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வு சொல்கிறது. அதை முன்னின்று நடத்தியது சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். கால் நரம்பு வலியைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்கு எங்கே கிடைக்கும்?

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, போர்வை பாதத்தில் படாமல் அதன் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். பாதி ராத்திரியில் எழுந்து பக்கெட் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நரம்பு மின்சோதனை செய்து பார்த்து எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்னங்கறாங்க மேடம். வீட்ல நான் சும்மா சொல்றேன்னு நெனைக்கிறாங்க" என்றார்.

இங்கே நோயாளிகளும் மருத்துவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. வழக்கமான நரம்பு மின்சோதனை தடித்த நரம்பிழைகளை மட்டும்தான் பார்க்கும். சூடு, குளிர், எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் தெரியவே தெரியாது. அவை மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். அவற்றைப் பார்க்க, கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுக்கிறோம். தையல்கூடத் தேவைப்படாது. மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல தோலில் மெல்லிய நரம்பிழைகள் கீழிருந்து மேல்தோலுக்குள் ஏறிப் போவது தெரியும். அவர் தோலில் ஏறிய இழைகள் மிகச் சில. இருந்தவற்றிலும் நடுநடுவே வீக்கம். படத்தைத் திரையில் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இத ஒரு காப்பி எடுத்துக் குடுங்க மேடம், வீட்ல காட்டணும்" என்றார்.

அந்தப் படம் அவருக்கு உதவியது, சந்தோஷம். ஆனால் படம் இல்லாவிட்டாலும் அவர் சொன்னதை நம்பியிருக்க வேண்டும். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. நரம்பு வலிக்கான கேள்வித்தாள்களில் இருப்பதும் நம் ஆட்கள் தாமாகவே சொல்வதுதான்: எரிச்சல், கரண்ட் அடிக்கிற மாதிரி, ஊசி குத்துற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி, மதமதப்பு. மருத்துவரிடம் வெறுமனே "கால் வலிக்குது" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எப்படி வலிக்கிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, போர்வை பட்டால் என்ன ஆகிறது, தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு தாள் பல சோதனைகளைவிட உதவும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கேட்காது. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு அவை கெடுதல் வேறு. அமிட்ரிப்டிலின், டுலோக்சிட்டின், கபாபென்டின், பிரிகாபலின் என்று வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில வாரங்கள் ஆகும். இரண்டே நாளில் "கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். அதேபோல, பல மாதம் சாப்பிட்ட பிரிகாபலினை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. 2015இல் நன்னா ஃபின்னரப் தலைமையில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிரிகாபலினை ஏறக்குறைய 8 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேல் ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது. அமிட்ரிப்டிலின் வகையில் அது 4 பேருக்கு ஒருவர், ஆனால் வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்க யோசிக்க வேண்டும். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை. அடுத்ததை முயல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் சில விஷயங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது குறைந்தாலும் நரம்பு கெடும். ரொம்ப உயரத்தில் இருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் தடாலடியாகக் குறைத்தாலும் சிலருக்குக் கடுமையான நரம்பு வலி புதிதாக வரும். நிதானமாகக் குறைப்பது நல்லது. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் வலிக்கு மருந்தாமே, அரைத்துத் தடவலாமா என்று கேட்கிறார்கள். டேவிட் ஜூலியஸ் 1997இல் அந்தக் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்தார், 2021இல் நோபல் பரிசும் வாங்கினார். 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டையும் உண்மைதான். ஆனால் அதை மருத்துவப் பணியாளர் அளந்து, நேரம் பார்த்து ஒட்டி எடுக்கிறார். உணர்ச்சி குறைந்த பாதத்தில் மிளகாய் விழுதைப் பூசினால் தோல் வெந்து புண்ணாகும், உங்களுக்குத் தெரியாது. வெந்நீரில் கால் வைப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

புதிய மருந்து எப்போது வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். 2006இல் வடக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. பிறவியிலேயே வலி தெரியாதவர்கள். அவர்களில் ஒரு சிறுவன் தெருவில் தணல் மேல் நடந்தும் கையில் கத்தியைக் குத்திக்கொண்டும் வித்தை காட்டியவன், 14 வயது ஆவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். வலி நரம்புக்குள் சோடியத்தை விட்டு மின்துடிப்பைக் கிளப்பும் என்.ஏ.வி 1.7 என்ற புரத வாயில் அவர்களிடம் வேலை செய்யவில்லை. அதை மட்டும் அடைத்தால் போதுமே என்று உலகமே ஓடியது, நானும் அதில் சில ஆண்டுகள் செலவழித்தேன். இதுவரை அது நல்ல மருந்தாகவில்லை. அதன் உறவுக்காரனான என்.ஏ.வி 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் திடீர் வலிக்கு அனுமதி பெற்றது. அபின் வகை இல்லாத புதிய வலி மருந்து, உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் அதைச் சோதித்தபோது, 10க்கு ஏறக்குறைய 2 புள்ளி வலி குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. மருந்து தோற்றதா, அளவீடு தோற்றதா? என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான் அதிகம். 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொன்னால், நம்பிக்கையோடு வந்து, அக்கறையாக விசாரிக்கப்பட்டு, மாதாமாதம் கவனிக்கப்படும் நோயாளி குறைத்துத்தான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, கவனிப்பும் வலியைக் குறைக்கிறது.

அதனால்தான் சேர விரும்பும் பிள்ளைகளிடம் முதலில் புள்ளியியலை ஒழுங்காகப் படிக்கச் சொல்கிறேன். அடுத்து, எலிக் கூடத்துக்குப் போகும் முன் சர்க்கரை நோய் ஓ.பி.யில் ஓரமாக உட்கார்ந்து கேட்கச் சொல்கிறேன். எதிர்மறை முடிவுகளையும் வெளியிடச் சம்மதிக்கும் வழிகாட்டியைத் தேடுங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்று பதிவுசெய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வந்த எண்ணுக்குத் தகுந்த கேள்வியைப் பிறகு தேடத் தோன்றும். விலங்கு நெறிமுறைக் குழுவின் கேள்விகளைத் தொல்லையாக நினைக்காதீர்கள். குறைந்த எலிகளில் நல்ல விடை எடுக்க என்னைப் பழக்கியது அந்தக் கேள்விகள்தான்.

எங்கள் இப்போதைய ஆய்வில் வலி எண்ணோடு தூக்கத்தையும் அளக்கிறோம். மணிக்கட்டில் கட்டும் கருவி ராத்திரியில் எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு நேரம் விழித்திருந்தார் என்று பதிவுசெய்துகொள்ளும். மருந்து தொடங்கும் முன்பே சில வாரங்கள் அதைக் கட்டிவிடுகிறோம், அப்போதுதான் கவனிப்பால் வரும் மாற்றத்தைத் தனியாகப் பிரிக்க முடிகிறது. ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் வரும்படி திட்டமிட்டிருக்கிறோம். பெண்களைச் சேர்ப்பதுதான் சிரமமாக இருக்கிறது. வீட்டு வேலையை விட்டுவிட்டுப் பகலில் வர முடியவில்லை என்கிறார்கள். அதனால் அடுத்த சுற்றில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்வை நேரம் வைத்திருக்கிறோம், கருவியை நாங்களே வீட்டுக்குப் போய்க் கட்டிவிடவும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.